கான்டனில் இருக்கும் மகனுக்கு வாப்பாவின் கடிதம்

அன்பு மகனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் நலம். உன் உம்மாவுக்கு முழங்கால் வலி முன்போலவே இருக்கிறது. ராத்தா நாள்தோறும் வந்து தைலம் தேய்த்துவிட்டுப் போகிறாள். மற்றச் செய்திகள் வாட்ஸ்அப்பில் வந்துகொண்டிருப்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

சென்ற முறை பேசியபோது, இத்தனை காலமாக அங்கே இருக்கிறாயே, அந்த ஊரில் உனக்கு என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். மொத்தக் கடைகளும் மேம்பாலங்களும்தான் இருக்கின்றன வாப்பா என்று சொல்லிப் பேச்சை முடித்துவிட்டாய். நான் கேட்டது ஒன்று, நீ சொன்னது ஒன்று. அது போகட்டும். ஆனால் நீ சொன்ன பதிலும் சரியில்லை. இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக மனிதர்கள் வந்து இறங்கிய துறைமுகத்தில் இருந்துகொண்டு கடைகளும் மேம்பாலங்களும் என்று ஒருவன் சொல்லலாமா? எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். கடைக்கு ஆள் வராத நேரத்தில் உட்கார்ந்து படி. அதற்கு முன் ஒன்று: வீடு மாறியிருந்தால் காவல் நிலையத்தில் தங்குமிடப் பதிவை உடனே செய்துவிடு. இருபத்து நான்கு மணி நேரம்தான் அவகாசம் என்பது உனக்குத் தெரியும்.

கி.மு. 214-இல் சின் பேரரசின் படை மலைகளைத் தாண்டித் தெற்கே வந்து இந்த ஆற்றங்கரையைப் பிடித்தது. இன்று குவாங்சோ என்றும் கான்டன் என்றும் சொல்கிற அந்த ஊருக்கு அன்று பான்யூ என்று பெயர். ரென் சியாவோ என்ற அதிகாரி அங்கே கோட்டை கட்டினார். பேரரசு தலைநகரில் குலைந்துகொண்டிருந்தபோது அவர் இங்கே மரணப் படுக்கையில் கிடந்தார். தம் கீழ் இருந்த சாவ் துவோ என்ற படைத்தலைவனை அழைத்துப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுக் கண்ணை மூடினார். சாவ் துவோ வடக்கே ஜெண்டிங் என்ற ஊரில் பிறந்தவன். அவன் மலைக்கணவாய்களை அடைத்தான், நான்யுவே என்ற தனி நாட்டுக்குத் தானே அரசனானான். கி.மு. 196-இல் ஹான் பேரரசர் அனுப்பிய லூ ஜியா என்ற தூதர் வந்தபோது, அவன் தென்னாட்டார் பாணியில் முடியைக் கொண்டையிட்டுக்கொண்டு, காலை அகட்டி நீட்டி உட்கார்ந்தபடியே அவரை வரவேற்றான். தூதர் வரியைப் பற்றியோ படையைப் பற்றியோ முதலில் பேசவில்லை. உன் சொந்தக்காரர்களின் கல்லறைகள் ஜெண்டிங்கில் இருக்கின்றனவே, நீ பிறந்த மண்ணின் உடையைக்கூட விட்டுவிட்டாயே என்றுதான் தொடங்கினார். அரசன் பதறி எழுந்து, நெடுநாள் இவர்களோடு இருந்ததில் மரியாதை மறந்துவிட்டது என்று சொன்னானாம்.

பிறகு ஹான் பேரரசில் லூ பேரரசியின் ஆட்சி வந்தது. தெற்கே இரும்புக் கருவி எதுவும் போகக்கூடாது, குதிரையோ மாடோ ஆடோ கொடுப்பதானால் ஆணை மட்டும் கொடுக்க வேண்டும், பெட்டையைக் கொடுக்கக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். ஒரு நாட்டைத் தலையெடுக்காமல் வைத்திருக்க இதைவிட மலிவான வழி இல்லை. சாவ் துவோ கோபம் கொண்டு தன்னையும் பேரரசன் என்று அறிவித்துக்கொண்டான். அடுத்து வந்த வென் பேரரசர் படை அனுப்பவில்லை. ஜெண்டிங்கில் சாவ் துவோவின் முன்னோர் கல்லறைகளைச் செப்பனிட்டுக் காவலும் வைத்தார், அவனுடைய உறவினர்களைக் கூப்பிட்டுப் பதவி கொடுத்தார், மறுபடியும் அதே லூ ஜியாவை ஒரு கடிதத்தோடு அனுப்பினார். கோபமில்லாமல் எழுதப்பட்ட அந்தக் கடிதத்துக்கு சாவ் துவோ எழுதிய பதில் இன்றும் ஹான் வரலாற்றில் இருக்கிறது. இந்த நாட்டுக்கு வந்து 49 ஆண்டுகள் ஆகின்றன, இப்போது பேரப்பிள்ளைகளைத் தூக்கி வைத்திருக்கிறேன், ஆனாலும் படுத்தால் பாய் ஒட்டவில்லை, உண்டால் ருசிக்கவில்லை என்று எழுதியிருக்கிறான். அதில் பேரரசன் பட்டத்தை விட்டுவிடுவதாகவும் ஒப்புக்கொண்டான். ஆனால் தன் நாட்டுக்குள் பழைய பட்டத்தையே வைத்துக்கொண்டான் என்று ஹான் கால வரலாற்றாசிரியர் சிமா சியான் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். ஊருக்கு எழுதும் கடிதத்தில் ஒன்று, வீட்டுக்குள் வேறொன்று. ஜெண்டிங்குக்கு அவன் திரும்பிப் போனதாகச் செய்தி எதுவும் இல்லை.

அவன் பேரன் சாவ் மோவின் கல்லறையை நீ பார்த்திருக்க வேண்டும். யுவேசியு பூங்காவுக்கு எதிரே, ஜியேஃபாங் வடக்குச் சாலையில்தான் இருக்கிறது. நீ போகவில்லை என்று சொன்னால் நான் நம்புகிறேன், ஆனால் வருத்தப்படுவேன். 1983-இல் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டுவதற்காக அந்தக் குன்றை வெட்டியபோது கற்பலகைகள் தென்பட்டு அது வெளிப்பட்டது. அப்போதெல்லாம் கான்டன் பொருட்காட்சி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் லியுஹுவா சாலையில் நடந்தது. நாங்கள் ஹாங்காங்கிலிருந்து ரயிலில் வருவோம். 1988-இல் அருங்காட்சியகம் திறந்தபின் ஒரு நாள் மாதிரிப் பெட்டிகளை அறையில் போட்டுவிட்டு அங்கே போனேன். படியில் இறங்கினால் தலையைக் குனிந்துதான் உள்ளே நுழைய வேண்டும். உள்ளே இருக்கும் கல்லால் ஆன அறைகள் ஒவ்வொன்றும் நம் வீட்டுச் சரக்கறையைவிடச் சிறியவை. 2,291 பச்சைக்கல் துண்டுகளைச் சிவப்புப் பட்டு நூலால் கோத்துச் செய்த ஓர் உடை, தலை முதல் கால் வரை ஆள் படுத்திருப்பது போலவே கிடக்கிறது. ஆப்பிரிக்க யானைத் தந்தம், பாரசீகப் பாணியில் ஒரு வெள்ளிப் பெட்டி, சாம்பிராணி எல்லாம் உள்ளே இருந்திருக்கின்றன. கல் வியாபாரம் செய்கிறவன் கண்ணுக்கு அந்தக் கற்களில் பல சாதாரணத் தரம்தான். ஆனால் தலையிலும் கையிலும் காலிலும் உள்ள துண்டுகளின் மூலைகளில் துளையிட்டிருக்கிற வேலைத்திறனைப் பார்த்தால் வாயடைத்துப் போகும். அரசனோடு சேர்த்து 15 பேரைப் பலியிட்டுப் புதைத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் சொல்ல வந்தது உடையைப் பற்றி அல்ல. சாவ் மோ தன் மகன் இங்சியை ஹான் தலைநகரான சாங்கானுக்குப் பேரரசர் அவையில் காவல் பணிக்கென்று அனுப்பினான். சில காலத்துக்கு என்று போனவன் பத்தாண்டுக்கு மேல் அங்கேயே இருந்தான். அங்கே ஹான்டான் ஊர்ப் பெண் ஒருத்தியை மணந்தான், ஓர் ஆண் குழந்தையும் பிறந்தது. தகப்பன் நோயில் விழுந்தபோதுதான் ஊர் திரும்ப அனுமதி கேட்டான். அந்தத் தகப்பனுக்கு மருமகளைப் பற்றியும் பேரனைப் பற்றியும் எப்போது தெரியவந்தது, யார் சொன்னார்கள், மகனே எழுதினானா அல்லது போய்வந்த வணிகர்கள் சொன்னார்களா என்று சிமா சியான் எழுதவில்லை. அவருக்கு அது முக்கியமாகப் படவில்லை போலும். பிறகு அந்தப் பெண்ணும் அவள் மகனும் முதிய அமைச்சர் ஒருவரோடு முரண்பட்டு, கொலைகள் நடந்து, ஹான் படை வந்து, கி.மு. 111-இல் நகரம் எரிந்தது. அரச குடும்பத்துச் சச்சரவுதான் அதற்குக் காரணமே தவிர, அந்தத் திருமணம் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். நீ வேறு விதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மச்சான் அங்கிருந்து வந்தபோது சொன்னதை நான் இங்கே எழுதப் போவதில்லை. உன் உம்மா அதை நம்பவுமில்லை, மறுக்கவுமில்லை. பெருநாளன்று நீ வீடியோவில் பேசிக்கொண்டிருக்கையில் உனக்குப் பின்னால் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்ததை அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். பார்த்ததை நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

தாங் அரச மரபின் காலத்துக்கு வருவோம். குவாங்தா சாலையில் நீ வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகிற ஹுவாய்ஷெங் பள்ளியின் மினாரா 36 மீட்டர் உயரம். இன்று அது தெருக்களுக்கு நடுவில் நிற்கிறது, அன்று ஆறு அதன் அருகிலேயே ஓடியது. இரவில் உச்சியில் ஏற்றிய விளக்கைப் பார்த்துக் கப்பல்கள் வந்தன. நபித்தோழர் சஅத் இப்னு அபீ வக்காஸ் அவர்கள் வந்து கட்டினார்கள் என்று அங்கே நம்புகிறார்கள், அவர்கள் பெயரில் ஓர் அடக்கவிடமும் இருக்கிறது. வரலாற்றாசிரியர்கள் இதை ஏற்பதில்லை, அவர்கள் அடக்கமாகியிருப்பது மதீனாவில்தான். ஆனால் அந்தப் பள்ளியைச் சுற்றி அரபுகளும் பாரசீகரும் வாழ்ந்த வெளிநாட்டார் குடியிருப்பு இருந்தது உறுதி. 851-ஆம் ஆண்டின் அரபுக் குறிப்பு ஒன்று, அந்த ஊர் முஸ்லிம்களின் வழக்குகளைத் தீர்க்கச் சீன அரசே ஒரு முஸ்லிமை நியமித்திருந்தது என்றும், பருவத்தின் கடைசிக் கப்பல் வரும்வரை சரக்கை அரசுக் கிடங்கில் பூட்டி வைத்துப் பத்தில் மூன்று பங்கை வரியாக எடுத்துக்கொண்டார்கள் என்றும் சொல்கிறது. இப்போது சுங்கத்தைப் பற்றிப் புலம்புகிறாயே, அதை நினைத்துப் பார். 750-ஐ ஒட்டி அங்கே தங்கிய ஜியான்ஜென் என்ற சீனத் துறவி, ஆற்றில் இந்தியரின் கப்பல்களும் பாரசீகரின் கப்பல்களும் எண்ணற்றுக் கிடந்ததையும், பிராமணர்கள் குடியிருந்த கோயில்கள் மூன்று அந்த ஊரில் இருந்ததையும் கண்டிருக்கிறார்.

வந்தவர்கள் அங்கே பெண் எடுக்காமல் இருப்பார்களா? 628-லேயே தாங் அரசு ஓர் ஆணை போட்டது. வெளிநாட்டுத் தூதர்கள் சீனப் பெண்களை மணந்துகொள்ளலாம், ஆனால் ஊர் திரும்பும்போது அழைத்துப் போகக்கூடாது. 836-இல் ஆளுநராக வந்த லூ ஜுன், வெளிநாட்டாரும் சீனரும் கலந்து குடியிருப்பதையும் ஒருவருக்கொருவர் பெண் கொடுத்து எடுப்பதையும் கண்டு, இரு சாராரும் தனித்தனியே குடியிருக்க வேண்டும், இனித் திருமணம் கூடாது, வெளிநாட்டார் நிலமோ வீடோ வாங்கக் கூடாது என்று தடுத்தார். தடை போட வேண்டிய அளவுக்கு அது வழக்கத்தில் இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 879-இல் ஹுவாங் சாவ் என்ற கலகக்காரன் நகரைப் பிடித்தபோது அங்கிருந்த முஸ்லிம்கள், யூதர்கள், கிறித்தவர்கள், நெருப்பு வணங்குவோர் என 1,20,000 பேரைக் கொன்றதாக அபூ ஸைத் என்ற அரபு நூலாசிரியர் எழுதுகிறார். எண்ணிக்கை மிகையாக இருக்கலாம். கடல் வணிகம் பல காலம் அதிலிருந்து எழவில்லை.

சோங் அரசு வந்ததும் எல்லாம் திரும்பியது. காற்று மாறியும் அந்த ஆண்டு ஊர் திரும்பாத வெளிநாட்டாருக்குத் தனிப் பெயர் வைத்து அழைக்கும் அளவுக்குப் பலர் தங்கிவிட்டார்கள். 1086-க்குப் பிறகான சில ஆண்டுகளுக்குள், அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த லியு என்ற குடும்பப் பெயர் கொண்ட ஒருவர் அரச குலப் பெண்ணையே மணந்து சிறு பதவியும் பெற்றார். அவர் பிள்ளையில்லாமல் இறந்ததும் சொத்துக்குச் சண்டை வந்து, வழக்கு தலைநகர் வரை போனது. அதன் பிறகுதான் இப்படி ஒரு திருமணம் நடந்திருப்பதே மேலே தெரிந்து, விதிகளை இறுக்கினார்கள். எந்த ஏற்பாடானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவில் இருக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். நிகாஹ் ஓதியிருந்தாலும் அரசாங்கப் பதிவு வேறு. பொதுவாகத்தான் சொல்கிறேன்.

நம் பக்கத்திலிருந்து போனவர்களையும் சொல்ல வேண்டும். முதலாம் இராசராசன் அனுப்பிய சோழத் தூதுக்குழு 1015-இல் சோங் அவைக்குப் போய்ச் சேர்ந்தது. முத்துகளை அள்ளிக்கொண்டு போனார்கள். நாட்டை விட்டுப் புறப்பட்டு 1,150 நாட்களுக்குப் பிறகு குவாங்சோவில் இறங்கினார்கள் என்று சோங் வரலாறு கணக்குச் சொல்கிறது. அதற்குள் 1014-இல் இராசராசன் காலமாகிவிட்டான். அனுப்பியவன் மண்ணுக்குள் போனது தெரியாமல் அவன் வணக்கத்தை இவர்கள் அங்கே சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள். உனக்கு விமானமும் காரும் போதும்.

இனி நீ எப்போதும் நடந்துபோகிற ஆற்றங்கரை. 1757-இல் சிங் பேரரசு மேற்கத்தியரின் கடல் வணிகம் முழுவதையும் இந்த ஒரே துறைமுகத்துக்குள் அடைத்தது. நகர மதிலுக்கு வெளியே, இன்றைய கலாச்சாரப் பூங்கா இருக்கும் இடத்தை ஒட்டி, பதின்மூன்று கிட்டங்கிகள் இருந்தன. வெள்ளைக்காரர்களும், நம் பம்பாயிலிருந்து வந்த பார்சிகளும் வியாபாரப் பருவத்தில் மட்டும் அங்கே தங்கலாம், முடிந்ததும் போர்த்துக்கீசியர் இருந்த மக்காவ் (Macau) நகருக்குப் போய்விட வேண்டும். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு ஹாங் வணிகர், அதாவது அரசு அனுமதி பெற்ற சீன வணிகர், ஜாமீன் நிற்க வேண்டும். அவர்களில் தலையானவரான ஹௌகுவாவின் சொத்து 1834-இல் 2 கோடியே 60 லட்சம் டாலர் என்றால் ஜாமீனின் மதிப்பைப் பார்த்துக்கொள். மாதத்தில் 8, 18, 28 ஆகிய நாட்களில் மட்டும் மொழிபெயர்ப்பாளர் துணையோடு அக்கரைத் தோட்டத்துக்குக் காற்று வாங்கப் போகலாம். பெண்கள் வரவே கூடாது. 1830-இல் ஆங்கிலக் கம்பெனியின் தலைமை அதிகாரி தம் மனைவியை மக்காவ் நகரிலிருந்து அழைத்து வந்துவிட்டார். படை அனுப்புவதாக அதிகாரிகள் மிரட்ட, அவர் கிட்டங்கியின் வாசலில் பீரங்கியை நிறுத்தினார். கடைசியில் அந்த அம்மாள் திரும்பிப் போகத்தான் வேண்டியிருந்தது. ஆளை மறைத்து வைக்கிற வேலை அந்தக் காலத்திலேயே நெடுநாள் நிற்கவில்லை.

வெளிநாட்டாருக்குச் சீன மொழி கற்றுக்கொடுப்பதும் குற்றம். ஜேம்ஸ் ஃபிளின்ட் என்பவர் மொழி கற்று, 1759-இல் வடக்கே போய்ப் பேரரசருக்கே மனு கொடுத்தார். அவரை மூன்றாண்டு அடைத்து வைத்தார்கள். மனுவை எழுத உதவிய சீனரின் தலையை வெட்டினார்கள். நான் அத்தனை காலம் வந்து போயும் விலை கேட்கவும் சோறு கேட்கவும் கற்றதோடு சரி. நீயோ அந்த ஊர்க்காரனைப் போலவே கான்டனீஸ் பேசுகிறாய் என்று மச்சான் வியந்து சொன்னபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. கடைவீதியில் நாலு பேரிடம் நானும் சொன்னேன். அலுவல் பேச்சை வகுப்பில் கற்றுக்கொள்ளலாம். குழந்தையைக் கொஞ்சுகிற மாதிரி, கோபித்துக்கொள்கிற மாதிரியெல்லாம் பேச எந்த வகுப்பில் கற்றுத் தருகிறார்கள் என்று உன் உம்மா கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

அபினியின் கதை உனக்குத் தெரியும். வங்காளத்திலும் மால்வாவிலும் விளைந்தது அங்கேதான் இறங்கியது. 1839-இல் சிங் அரசின் ஆணையர் லின் சேஷு இருபதாயிரத்துக்கு மேற்பட்ட பெட்டிகளைப் பறித்து ஹூமெனில் அழித்தார், போர் வந்தது. நீ தோல் பைகள் வாங்குகிற சான்யுவான்லியில், 1841 மே மாத இறுதியில், கொட்டுகிற மழையில் 37-ஆம் மதராஸ் காலாட்படையின் ஒரு பிரிவு வழி தவறி, ஆயிரக்கணக்கான கிராமத்தாரால் சூழப்பட்டது. மருந்து நனைந்து துப்பாக்கிகள் சுடவில்லை. சதுரமாக அணிவகுத்துத் துப்பாக்கிக் கத்தியை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றவர்களை, இரவில் வேறு படை வந்துதான் மீட்டது. அங்கே இருக்கும் நினைவுத்தூண் அந்தக் கிராமத்தாருக்கு. அது நியாயம்தான், அவர்கள் தங்கள் ஊருக்காக நின்றவர்கள். நம் கரையிலிருந்து கூலிக்குப் போய் அந்த மழையில் நின்றவனுக்கும் வீட்டில் ஒரு தகப்பன் இருந்திருப்பான்.

அதற்குப் பிந்தையதை நீண்ட கதையாக எழுத எனக்குப் பொறுமையில்லை. 1856-இல் கிட்டங்கிகள் எரிந்து சாம்பலாயின. 1924-இல் சுன் யாட்சென் வாம்போவாவில் படைப்பள்ளி தொடங்கினார். 1938 முதல் 1945 வரை ஜப்பானியர் பிடியில் நகரம் கிடந்தது. சீனா ஏறக்குறையக் கதவடைத்திருந்த காலத்திலும், 1957 முதல் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பொருட்காட்சி நடத்தி அந்த ஊர் மட்டும் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தது. அந்த ஜன்னல் வழியாகத்தான் நம் வீட்டுக்கும் சோறு வந்தது. பெய்ஜிங் சாலையில் கண்ணாடிக்குக் கீழே, தாங் காலம் தொடங்கிக் குடியரசுக் காலம் வரை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட 11 அடுக்குச் சாலையைத் திறந்து வைத்திருக்கிறார்கள். 2002-இல் தோண்டும்போது கிடைத்தது. அதற்கு மேலே நீ அன்றாடம் நடக்கிறாய்.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். காயல்பட்டினத்தில் ஆண்பிள்ளை நிகாஹ் முடிந்ததும் பெண் வீட்டுக்குப் போய் இருக்கிறவன். நானும் இத்தனை காலம் உன் உம்மாவின் வீட்டில்தான் இருக்கிறேன். ஆகவே பெண்ணின் ஊரோடு இருந்துவிட்டான் என்று ஒருவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் உம்மாவின் வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது, அசருக்குப் பிறகு நாள் தவறாமல் போய் உட்கார்ந்துவிட்டு வருவேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

நோன்புக்கு முன்பே வந்துவிடு. விசா தேதியைப் பார்த்துக்கொள், தங்குமிடப் பதிவை மறக்காதே. மாசியும் வடகமும் உம்மா எடுத்து வைத்திருக்கிறாள். காரம் குறைத்தும் ஒரு பாட்டில் ஊறுகாய் தனியாகப் போட்டிருக்கிறாள், ஏன் என்று நான் கேட்கவில்லை. டிக்கெட்டை நானே இங்கிருந்து போடுகிறேன், எத்தனை பேருக்கு என்று மட்டும் எழுது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டியதில்லை, ஆனால் பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரும் பிறந்த தேதியும் கட்டாயம் வேண்டும் என்று டிக்கெட் போடும் தம்பி சொல்கிறான்.

வஸ்ஸலாம்.

உன் வாப்பா